பரிமாறுகிறவர்களும் நாமும்

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து மாநகரையொட்டிய பார்மா என்னும் ஊரில் நீதிபதி ஒருவர் வழங்கிய தீர்ப்பு உலகெங்கும் பேசப்பட்டது. வாசகர்களில் சிலர் அதனைச் செய்தித்தாளில் படித்திருக்கவும் கூடும். விரைவுணவகம் ஒன்றில் உணவு வாங்கிய பெண்மணி ஒருவர், அது தம் விருப்பப்படி இல்லையென்று சினந்து, உணவு நிறைந்த கிண்ணத்தை அக்கடையின் மேலாளரான இளம்பெண்ணின் முகத்தில் வீசியெறிந்துவிட்டார். அந்நிகழ்ச்சியின் படக்காட்சி எங்கும் பரவியது. வழக்கு விசாரணைக்கு வந்தபோது நீதிபதி விதித்தது 180 நாள் சிறை. அதில் 90 நாளை நிறுத்திவைத்தார். எஞ்சிய 90 நாளில் 60 நாளைக் கழித்துக்கொள்ள ஒரு வழியும் காட்டினார். இரண்டு மாத காலம், வாரத்துக்கு 20 மணி நேரம், அந்த அம்மையாரே ஏதேனும் ஒரு விரைவுணவகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதே அவ்வழி. அவரும் இசைந்தார்.

அந்நாள்களில் நாம் அவ்வட்டாரத்துப் பங்கு ஒன்றில் துணைப் பங்குத்தந்தையாகப் பணியாற்றிக்கொண்டிருந்தோம். அங்குக் குருக்கள் குறைந்துவிட்டமையால் நம் நாட்டிலிருந்து சிலர் சில ஆண்டுகளுக்கு அனுப்பப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கிளீவ்லாந்து என்றதும் நம்மவர்க்கு 1978-இல் தொடங்கிய தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். நமக்கோ ஈரி ஏரியின் குளிர்தான் நினைவுக்கு வருகிறது. தீர்ப்பு வெளியான வாரத்தின் ஞாயிறன்று, திருப்பலி முடிந்து காபியும் டோனட்டும் பரிமாறப்படும் மண்டபத்தில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. ஏறக்குறைய எல்லாரும் நீதிபதியைப் பாராட்டினர். "தக்க பாடம்" என்று முதியோர் தலையசைத்தனர். நமக்கும் முதலில் அது நல்ல தீர்ப்பாகவே பட்டது.

அப்போதுதான் நம்மூர்க்காரர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். தூத்துக்குடிப் பக்கத்தைச் சேர்ந்தவர், பொறியாளர். மனைவி அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியர். ஒரே மகள், பள்ளியிறுதி வகுப்பில் படிக்கும் பதினேழு வயதுப் பெண். அவள் அந்த ஆண்டுக் கோடை முதல் ஒரு பர்கர் கடையில் மாலை வேளைகளில் வேலை பார்த்துவந்தாள். தந்தைக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. கைப்பேசியில் அந்தச் செய்தியை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

"பாருங்க சாமி, குத்தம் செஞ்சவளுக்கு ஜட்ஜு தண்டனையாக் கொடுக்கிற வேலை இது. என் மக ஆசைப்பட்டுப் போய்ச் செய்றா. எச்சி மேசை தொடைக்கவா நாங்க கடல் தாண்டி வந்தோம்? நீங்க சொன்னாக் கேப்பா. ஒரு வார்த்தை சொல்லுங்க."

குடும்பத்தார் இருவர்க்கிடையே நடுவராக நிற்பது குருக்களுக்குப் பழகிய வேலைதான். ஆயினும் ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. அடுத்த வாரம் அப்பெண்ணையும் அவள் தாயையும் அதே மண்டபத்தில் சந்தித்துப் பேசினோம்.

அவள் சொன்னதைக் கூறுமுன், வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். நம் ஊரில் ஃபாஸ்ட் ஃபுட் என்றால் மாலையில் தெருவோரத்தில் பெரிய வாணலியைக் குலுக்கி நூடுல்ஸும் ஃபிரைடு ரைஸும் கிளறும் வண்டிக்கடை என்றே பலரும் எண்ணுகிறோம். அங்கே கிளறுபவர் ஒரு சமையற்காரர். அவருடைய கைப்பக்குவத்துக்காகவே ஆள் சேர்வதுண்டு. அமெரிக்க விரைவுணவகம் அத்தகையது அன்று. 1948-இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ என்னும் ஊரில் மெக்டொனால்டு சகோதரர் இருவர் தம் உணவகத்தைச் சில காலம் மூடிவைத்து அடியோடு மாற்றியமைத்தனர். கார்களுக்கு உணவு கொண்டுசென்ற பணிப்பெண்களை நிறுத்தினர். பீங்கானும் முள்கரண்டியும் போய்க் காகிதம் வந்தது. சமையலைச் சிறுசிறு வேலைகளாகப் பிரித்தனர். ஒருவர் இறைச்சி வாட்டுவார், ஒருவர் உருளைக்கிழங்கு பொரிப்பார், ஒருவர் பொட்டலம் கட்டுவார். பர்கரின் விலை 15 சென்ட். தொழிற்சாலையின் முறை அடுப்படிக்குள் நுழைந்தது அப்படித்தான். சமைக்கத் தெரிந்தவர் இனித் தேவையில்லை. இன்று சேர்ந்தவர் நாளையே வேலை செய்யலாம். நாளை போனால் மறுநாளே வேறொருவர் அவ்விடத்தில் நிற்கலாம். விலை மலிந்தது உண்மை. எவரையும் எளிதில் மாற்றிவிடலாம் என்னும் நிலை வந்தால், அவரை மதிக்க வேண்டிய தேவையும் குறைந்துபோகிறது என்பதும் உண்மை.

இனி அப்பெண்ணின் பேச்சு. அவள் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினாள். இங்கே நம் நடையில் தருகிறோம்.

முதல் வாரத்தில் அவளுக்கு உறுத்தியது சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர்ப்பட்டையாம். வருகிறவர்க்கெல்லாம் அவள் பெயர் தெரியும். அவர்கள் பெயர் அவளுக்குத் தெரியாது. அன்பாகப் பேசுவோர் அப்பெயரைச் சொல்வது குறைவு. சினம் கொண்டவர்தாம் குனிந்து படித்து, பெயர் சொல்லித் திட்டுவர்.

பிறகு அவளைக் கார்ச்சாளரத்தில் நிறுத்தினர். வண்டியை விட்டு இறங்காமலே உணவு வாங்கிச் செல்லும் வழி அது. கம்பத்திலுள்ள ஒலிபெருக்கியை நோக்கிக் காரில் இருப்பவர் பேசுவார். காதில் மாட்டிய கருவியில் அவள் கேட்பாள். ஒவ்வொரு வண்டியும் எத்தனை நொடி நிற்கிறதென்று தலைக்கு மேலே ஒரு கடிகாரம் காட்டிக்கொண்டிருக்கும். கம்பத்தை நோக்கிப் பேசுவோர், தாம் கம்பத்தோடுதான் பேசுகிறோம் என்றே எண்ணிவிடுகிறார்களாம். சாளரத்துக்கு வந்தபின்னும் பலர் கைப்பேசியில் பேசியபடியே பண அட்டையை வெளியே நீட்டுவர். "கை மட்டும் வருது ஃபாதர், முகம் வர்றதில்ல" என்றாள். இதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னாள்.

ஒரு மனிதர், சாஸ் பொட்டலம் ஒன்று குறைந்ததற்காக வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து கத்தினாராம். பின்னிருக்கையில் கைக்குழந்தை வீறிட்டழுதுகொண்டிருந்தது. அவர் சாஸுக்காகக் கத்தவில்லை என்பது அவளுக்கு அப்போதே விளங்கிற்று. இன்னொரு நாள் விடியற்காலையில், செவிலியர் உடையோடு ஓர் அம்மாள் காபி சூடாக இல்லையென்று கடுகடுத்தார். இரவுப் பணி முடிந்து தன் தாய் வீடு திரும்பும் கோலம் அவள் கண்முன் வந்தது. "களைச்சுப்போய் வர்றாங்கன்னு புரியுது ஃபாதர். ஆனா அம்மா யாரையும் இப்படிப் பேசமாட்டாங்க" என்றாள். அருகிலிருந்த தாய் தலையைக் குனிந்துகொண்டார். களைப்பு சினத்துக்குக் காரணமாகலாம், அனுமதிச் சீட்டு ஆகாது. பதினேழு வயதில் ஒருத்தி இவ்விரண்டையும் பிரித்தறிந்திருந்தது நமக்கு வியப்பாயிருந்தது.

முன்பு எப்போதேனும் இவ்வேலை செய்தவர்களை நொடியில் கண்டுகொள்ளலாம் என்றும் அவள் சொன்னாள். அவர்கள் அட்டையைக் கையில் ஆயத்தமாக வைத்திருப்பர். வேண்டியதை முறைப்படி சொல்வர். உள்ளே அமர்ந்து உண்டால் தட்டைத் தாமே எடுத்துப்போய்க் குப்பையைக் கொட்டி அடுக்கிவைப்பர். பொரிப்பான் மணி அடித்தால், வாக்கியத்தின் நடுவிலேயே பேச்சை நிறுத்தி, "போ, போய்ப் பார்" என்பர். அமெரிக்கரில் எட்டுப் பேருக்கு ஒருவர் எப்போதேனும் தன்னிடம் வேலை பார்த்தவர் என்று மெக்டொனால்டு நிறுவனம் சொல்லிக்கொள்கிறது. அந்த எட்டில் ஒருவர் எங்கே போனாலும் அடையாளம் தெரியும் போலும்!

அவள் மிகுதியாகப் பேசியது உடன் வேலை செய்த ஒரு மூதாட்டியைப் பற்றி. அறுபது வயது கடந்த கறுப்பினப் பெண்மணி. பல ஆண்டுகள் அதே கடையில் இருப்பவர். 2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்றின்போது ஒகையோவில் உணவகங்களின் உள்ளே அமர்ந்து உண்பது நிறுத்தப்பட்டது. கார்ச்சாளரங்கள் மட்டும் நடந்தன. அப்போதும் அவர் வேலைக்குச் சென்றார். "இன்றியமையாத பணியாளர்" என்று அரசும் செய்தித்தாள்களும் அவரைப் போன்றவர்களைப் புகழ்ந்தன. சில மாதங்களில், முகக்கவசம் அணியச் சொன்னதற்காக அதே பணியாளர்மேல் வசைகள் விழுந்தன. அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாராம். ஓரிரவு ஒருவன் சொன்ன சொல்லைத் தாங்கமாட்டாமல் நம் பெண்ணுக்குக் கண்ணீர் முட்டியபோது, அம்மூதாட்டி ஒன்றும் கேளாமல் அவள் காதுக் கருவியைக் கழற்றித் தம் காதில் மாட்டிக்கொண்டு, குளிரறையைக் கைகாட்டினாராம். உறைந்த பெட்டிகளுக்கிடையே நின்று இரண்டு நிமிடம் அழுதுவிட்டு வந்தாள். அங்கே வேலை செய்வோர் எல்லாருக்கும் அழுவதற்கு அதுதான் இடமாம். "திரும்பி வந்தப்ப அவங்க என்னைப் பார்க்கவே இல்ல ஃபாதர். பார்த்திருந்தா மறுபடி அழுதிருப்பேன். அது அவங்களுக்குத் தெரியும்."

குருமடத்தில் மேய்ப்புப்பணி இயல் கற்றபோது ஆறுதல் கூறும் முறை பற்றி நாம் பல பக்கங்கள் படித்ததுண்டு. பார்க்காமல் இருப்பதும் ஆறுதல் என்று அவற்றில் எழுதியிருந்ததாக நினைவில்லை.

ஆனால், இவ்வேலை எல்லாரையும் நல்லவராக்கிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. சிலர் அங்கே கடினப்பட்டும் போகிறார்கள். ஸ்பானிய மொழி மட்டும் பேசும் அடுக்களைக்காரரை, வாடிக்கையாளரிடம் வாங்கிய வசையையெல்லாம் சேர்த்து ஏசும் துணை மேலாளர் ஒருவரும் அக்கடையில் இருந்தார். நம் பெண்ணே ஒன்றை மறைக்காமல் சொன்னாள். கூட்டம் மிகுந்த வேளைகளில் வருகிறவர் மனிதராகவே தோன்றுவதில்லையாம். திரையில் எரியும் எண்ணாகத்தான் தெரிவராம். தன்னைக் கம்பமாக எண்ணுவோரைத் தானும் எண்ணாக எண்ணத் தொடங்கியதைக் கண்டு அவளுக்கே அச்சம் வந்தது. சிரிப்பும் அப்படித்தான். ஆறு மணி நேரம் சிரித்துவிட்டு வீடு வந்தால், வீட்டாரிடம் சிரிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆர்லி ஹோக்ஷீல்டு என்னும் சமூகவியல் அறிஞர் 1983-இல் வெளியிட்ட நூலொன்றில், விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்போரையும் ஆராய்ந்து, கூலிக்காக உணர்ச்சியைக் காட்டுவதும் மறைப்பதும் ஒருவகை உழைப்பே என்று விளக்கியுள்ளார். மூட்டை சுமப்பவர் தோள் வலிப்பதைப் போல, இனிமுகம் காட்டுவோர்க்கும் ஓரிடத்தில் வலிக்கும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

பார்மா நீதிபதியின் தீர்ப்பைப் பற்றி அவளிடம் கேட்டோம். அவளும் பாராட்டுவாள் என்றே எதிர்பார்த்தோம். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள்.

"அந்த அம்மா வந்து யார்கூட வேலை பார்ப்பாங்க ஃபாதர்? எங்களை மாதிரிப் பிள்ளைங்ககூடத்தானே? எங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

இதற்கு நம்மிடம் விடையில்லை. நீதிபதியின் நோக்கம் நல்லதுதான். அடுத்தவர் நிலையில் நின்று பார்த்தால் மனம் மாறும் என்று அவர் நம்பினார். ஆனால் ஒருவர்க்குத் தண்டனை என்று அறிவிக்கப்பட்ட அதே வேலையை, அதே மாநிலத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் ஒரு குற்றமும் செய்யாமல் நாள்தோறும் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் அச்சொல் எப்படி விழுந்திருக்கும் என்று அந்த ஞாயிறு மண்டபத்தில் காபி குடித்தபடி தலையசைத்தவர் எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அக்காபியை ஊற்றித் தந்தவரும் வார நாள்களில் ஓர் உணவகத்தில் வேலை பார்ப்பவரே.

தந்தையிடம் மறுபடி பேசினோம். வேலையை விடும்படி சொல்ல நமக்கு மனமில்லை என்றோம். அவர் சினக்கவில்லை. நெடுநேரம் கழித்துச் சொன்னார்: "எங்கப்பா ஓட்டல்ல சப்ளையரா இருந்தவர் சாமி. முப்பது வருசம். அந்தச் சம்பளத்துலதான் நான் படிச்சேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு அங்க போயிருந்தேன். காலேஜ் பையன் ஒருத்தன், என்னைவிட நாலஞ்சு வயசு மூத்தவன், அப்பாவைப் பார்த்து 'டேய், தண்ணி கொண்டா'ன்னான். அப்பா கொண்டுபோய் வச்சார். நான் அங்க நின்னதைப் பார்த்துட்டார். வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் அதைப்பத்திப் பேசல. இன்னைவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

அவர் மகளின் வேலையை இழிவாக எண்ணினார் என்று நாம் அதுவரை கருதியிருந்தால் வியப்பில்லை. அவர் அஞ்சியது வேலைக்கன்று, அந்த "டேய்" என்ற சொல்லுக்கு. நம் நாட்டில் அச்சொல் எங்கிருந்து வருகிறது, யார் யாரை நோக்கி எளிதாக வருகிறது என்பதை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. இரட்டைக் குவளை வைத்திருந்த தேநீர்க் கடைகளை நாம் நம் கண்ணாலேயே கண்டிருக்கிறோம். அமெரிக்காவும் இதில் நமக்குப் பாடம் சொல்லும் தகுதியுடையதன்று. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், 1960 பிப்ரவரி 1 அன்று கறுப்பின மாணவர் நால்வர் ஒரு கடையின் சிற்றுண்டிப் பலகையருகே அமர்ந்து காபி கேட்டபோது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அவர்கள் எழுந்து போகவில்லை. நாள்தோறும் ஆள் பெருகி, அவ்வாண்டு ஜூலையில்தான் அப்பலகை எல்லார்க்கும் திறந்தது. உணவு பரிமாறும் இடத்தில்தான் ஒரு சமுதாயத்தின் உண்மை முகம் தெரிகிறது போலும்.

மதிப்பு என்பது இன்சொல் மட்டுமன்று, கூலியும்தான். அங்கே மத்திய அரசு வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-இல் வைத்த அளவு அது. ஒகையோவில் 2023-இல் 10.10 டாலர். நியூயார்க்கில் 2012 நவம்பரில் விரைவுணவகப் பணியாளர்கள் 15 டாலர் கேட்டு வேலையை விட்டு வெளியே வந்து நின்றனர். கலிபோர்னியாவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய விரைவுணவக நிறுவனங்களின் பணியாளர்க்கு 20 டாலர் என்று சட்டமாயிற்று. சாளரத்தில் முகம் பார்த்து நன்றி சொல்லிவிட்டு, இக்கூலி உயர்ந்தால் பர்கர் விலை கூடுமே என்று முணுமுணுப்போரும் நம் பங்கில் இருந்தனர்.

பெரிய வியாழனன்று குருக்களாகிய நாம் பன்னிருவர் பாதங்களைக் கழுவுகிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிய பின்பே வருகிறார்கள் என்பது எல்லாரும் அறிந்த இரகசியம். உண்மையிலேயே அழுக்கான மேசையை, உண்டவர் திரும்பியும் பாராமல் விட்டுச்சென்ற மேசையை, நாள்தோறும் துடைக்கும் கைகளுக்கு முன்னால் நம் வெள்ளிக் குவளையும் மடித்த துண்டும் சற்று எளிதான வேலையாகவே நமக்குப் படுகின்றன.

பெற்றோரே, இன்று நம் ஊர்களிலும் இத்தகைய கடைகள் பெருகிவிட்டன. பலகைக்கு அப்பால் நிற்கும் பிள்ளைகளிற் பலர் சிற்றூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். வீட்டு வாயிலில் உணவுப் பொட்டலத்தோடு மழையில் நிற்கும் இளைஞரும் அப்படியே. அவரிடம் நம் பிள்ளைகள் எவ்வாறு பேசுகிறார்கள் என்று ஒருநாள் உள்ளறையிலிருந்தே கேட்டுப் பாருங்கள். அவர்கள் நம்மைப் போலவே பேசுவார்கள்.

அந்தப் பெண் வேலையை விடவில்லை. 2024 ஆகஸ்டில் கல்லூரிக்குப் போகும்வரை செய்தாள். வீட்டில் மாற்றம் தெரிகிறதா என்று தாயிடம் கேட்டோம். "சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறா சாமி. நான் ஏதாவது எடுத்துக் குடுத்தா நிமிந்து மூஞ்சியைப் பாக்குறா. முன்னெல்லாம் போனைத்தான் பாப்பா" என்றார். தந்தை அதன்பின் அந்த வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. பனிக்காலத்தில் சாலை வழுக்கும் என்று அவரே காரில் கொண்டுவிட்டு, இரவு அழைத்து வருவார். கடைக்குள் போகமாட்டார்; வெளியிலேயே காத்திருப்பார்.

ஜனவரியில் ஓரிரவு குளிர் தாங்காமல் உள்ளே வந்துவிட்டாராம். மகள் அப்போது தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வரிசையில் நின்று, அம்மூதாட்டியிடம் ஒரு காபி வாங்கி, மூலையில் அமர்ந்து குடித்தார். குடித்து முடித்ததும் கோப்பையைக் குப்பைத்தொட்டியில் இட்டு, தட்டை அதன்மேல் அடுக்கிவிட்டு, காகிதக் கைத்துண்டால் மேசையை ஓரம் ஓரமாகத் துடைத்தார்.

"நல்லாவே துடைக்கல ஃபாதர்" என்று சிரித்தாள் அவள். "அவர் கார்கிட்டப் போனதும் நான் மறுபடி துடைச்சேன்."